சுகருக்கு லோ கார்ப்: சோற்றைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் சோறு, இட்லி, சப்பாத்தி, இனிப்பு ஆகியவற்றை நன்றாகக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் காய்கறி, முட்டை, மீன், கறி, பன்னீர், தேங்காய், நெய் என்று சாப்பிடுவதைத்தான் லோ கார்ப் ஹை ஃபேட் என்கிறார்கள். நம் ஊரில் பேலியோ, கீட்டோ என்ற பெயர்களில் பரவியதும் ஏறக்குறைய இதுதான். மூன்றுக்கும் நடுவே சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. சுகர் உள்ளவருக்கு அது பெரிய விஷயமில்லை, தட்டில் மாவுச்சத்து எவ்வளவு என்பதே கணக்கு.

ஏற்கெனவே சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் முதல் கேள்வியைப் படிக்காமல் தாண்டிப் போகவேண்டாம்.

கேள்வி: சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன். நாளைக்கே சோற்றை நிறுத்திவிடலாமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் பாருங்கள். கடைப்பெயரை விட்டுவிடுங்கள், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்தான் முக்கியம்.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு என்று இருந்தால், அது கணையத்தைக் கசக்கி இன்சுலினை வெளியே எடுக்கும் மருந்து. நீங்கள் சோறு சாப்பிட்டீர்களா, ஆம்லெட் சாப்பிட்டீர்களா என்று அதற்குத் தெரியாது. வழக்கமான அளவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், கண் இருட்டல், சிலருக்கு மயக்கம். நம் ஊரில் மிகச் சாதாரணமாக எழுதப்படும் கூட்டு மாத்திரையிலேயே மெட்ஃபார்மினுடன் கிளிமிபிரைடும் சேர்ந்திருக்கும். "நான் மெட்ஃபார்மின்தான் சாப்பிடுகிறேன்" என்று சொல்பவர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. இன்சுலின் ஊசிக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் அழுத்தமாக.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என முடியும் மருந்துகளின் ஆபத்து வேறு மாதிரி. இவை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடுபவை. இவற்றோடு மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகவே காட்டலாம், அதனால் வீட்டில் இருப்பவர்கள் ஏமாந்துவிடுவார்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் மீட்டரை நம்பி உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இந்த மருந்தை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. இதயத்துக்காகவும் சிறுநீரகத்துக்காகவும் கொடுத்திருக்கலாம். டாக்டரிடம் "மாவுச்சத்தைக் குறைக்கப் போகிறேன்" என்று சொல்லி, அவர் முடிவெடுத்த பிறகு தொடங்குங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் தாழ்சர்க்கரைப் பயம் மிகக் குறைவு. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் வகையும் தனியாக எடுத்தால் அப்படித்தான். வோக்லிபோஸ் எடுப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: அது மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் மருந்து, வெள்ளைச் சர்க்கரையையும் சேர்த்துத்தான். வேறு மாத்திரையால் சர்க்கரை இறங்கிவிட்டால் டீஸ்பூன் சர்க்கரை உடனே கைகொடுக்காது. குளுக்கோஸ் பவுடர் வீட்டில் இருக்கவேண்டும்.

அப்புறம் பிரஷர் மாத்திரை. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும், சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றும், ரத்த அழுத்தமும் இறங்கும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் அந்த மாத்திரையின் அளவையும் பார்க்கச் சொல்லவேண்டும்.

கேள்வி: சோற்றைக் குறைத்தால் சர்க்கரை ஏன் இறங்குகிறது?

சோறு வயிற்றுக்குள் போனதும் குளுக்கோஸாக உடைகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் உடம்பு அந்தக் குளுக்கோஸைச் சமாளிக்கத் திணறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரந்தாலும் தசையும் கல்லீரலும் அதன் பேச்சைக் கேட்பதில்லை. கேட்காதவரிடம் இன்னும் சத்தமாகப் பேசுவது போல கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து, வருடக்கணக்கில் களைத்துப்போகிறது. உள்ளே வரும் குளுக்கோஸே குறைவு என்றால் பிரச்சினையின் அளவும் அன்றைக்கே குறைகிறது. அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே மீட்டரில் வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. கல்லீரலில் தேங்கிய கொழுப்பு கரைவது. தேவைக்கு மேல் போன மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவைக்கும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழு 2011இல் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டது. 11 பேருக்கு நாளுக்கு 600 கலோரி அளவில் எட்டு வாரம் உணவு. கல்லீரல் கொழுப்பு வேகமாக இறங்க, ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சாதாரண நிலைக்கு வந்தது. அது லோ கார்ப் ஆய்வு இல்லை, கலோரிக் குறைப்பு ஆய்வு. ஆனாலும் எடையும் கல்லீரல் கொழுப்பும் இறங்குவது எவ்வளவு முக்கியம் என்பதை அதுதான் கண்ணுக்குக் காட்டியது.

இதில் கொழுப்பின் பங்கு என்ன என்று கேட்டால், என் கருத்தில் அது மருந்து இல்லை, நிரப்பி. சோறு போன இடத்தில் வயிறு காலியாக இருக்கக்கூடாது, பசி தாங்கவேண்டும், அதற்காகத்தான் கொழுப்பு. "எவ்வளவு நெய் விடுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் சுகர் போகும்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கேள்வி: இது வாட்ஸ்அப் வைத்தியம் இல்லையே? ஆய்வு ஏதாவது உண்டா?

உண்டு, பழையதும் புதியதும். இன்சுலின் 1921இல்தான் டொராண்டோவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பு டாக்டர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் உணவுதான். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஜான் ரோலோ 1797இலேயே ஒரு நோயாளிக்குத் தானியத்தைக் குறைத்து இறைச்சியும் கொழுப்பும் கொடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்.

இப்போதைய ஆய்வுகளில் மூன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் இண்டியானாவில் விர்ட்டா ஹெல்த் நிறுவனம் நடத்திய ஆய்வின் ஓராண்டு முடிவு 2018இல் வந்தது. 262 பேர் கீட்டோ அளவுக்கு மாவுச்சத்தைக் குறைத்தார்கள், டாக்டரும் பயிற்சியாளரும் தொலைவிலிருந்தே தொடர்ந்து கண்காணித்தார்கள். மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 7.6இலிருந்து 6.3க்கு வந்தது. இன்சுலின் போட்டவர்களில் 94 சதவீதம் பேருக்கு அதன் அளவு குறைந்தது அல்லது நின்றது. குறை என்னவென்றால், விருப்பப்பட்டு வந்தவர்களையே சேர்த்தார்கள், குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. ஆர்வம் உள்ளவர்களின் முடிவு எப்போதும் கொஞ்சம் அழகாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் நார்வுட் கிளினிக் என்ற சாதாரண குடும்ப மருத்துவமனை. டாக்டர் டேவிட் அன்வின் 2013 முதல் தன் நோயாளிகளுக்கு இந்த முறையைச் சொல்லிவருகிறார். 2023இல் வெளியான கணக்குப்படி, லோ கார்பைத் தேர்ந்தெடுத்தவர்களில் 51 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமல் சர்க்கரை அடங்கிய நிலைக்கு வந்தார்கள். சுகர் வந்து ஓராண்டுக்குள் தொடங்கியவர்களில் அது 77 சதவீதம். கீட்டோ அளவுக்கெல்லாம் அவர் போகச் சொல்வதில்லை என்பது கவனிக்கவேண்டியது.

மூன்றாவது, உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்குவது. 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆறாவது மாதத்தில் லோ கார்ப் தெளிவாக முன்னால் நின்றது. பன்னிரண்டாவது மாதத்தில் அந்த இடைவெளி பெரும்பாலும் சுருங்கிவிட்டது. மனிதர்கள் மெல்ல மெல்லப் பழைய தட்டுக்கே திரும்பியதும் அதற்கு ஒரு காரணம்.

கேள்வி: வெள்ளைக்காரர்களுக்குச் சரி. நமக்கு?

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து நடத்திய பெரிய கணக்கெடுப்பு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். அதே கணக்கெடுப்பின் 18,090 பேருடைய உணவுத் தகவலை வைத்து 2022இல் இன்னொரு கட்டுரை போட்டார்கள். புதிதாகச் சுகர் வந்தவர் அதை அடக்க விரும்பினால் மொத்தக் கலோரியில் மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்கு இறக்கவேண்டும், புரதத்தைச் சுமார் 20 சதவீதத்துக்கு ஏற்றவேண்டும் என்பது அதன் மதிப்பீடு. இது கணிதக் கணிப்புதான், ஆட்களை வைத்துச் சாப்பிடச் சொல்லிப் பார்த்தது இல்லை. ஆனால் இங்கே பலர் அறுபதுக்கு மேல், சிலர் எழுபது சதவீதம்கூட மாவுச்சத்தில் வாழ்கிறோம். கீட்டோ வேண்டாம், மொத்தக் கலோரியில் பாதி அளவுக்கு மாவுச்சத்தை இறக்கினாலே பலன் என்பதற்கு நம் ஊர்க் கணக்கே சாட்சி.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து சாப்பிடலாம்?

130 கிராமுக்குக் கீழே என்றால் லோ கார்ப் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 20 முதல் 50 என்றால் கீட்டோ. மூன்று வேளையும் அரிசி சாப்பிடுபவர் சாதாரணமாக 300ஐத் தாண்டியிருப்பார். நான் சொல்வது: முதல் மாதம் 100 முதல் 130 வரை வந்து நில்லுங்கள். மீட்டர் என்ன சொல்கிறது என்று பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் குறைக்கலாம். ஒரே தாவலில் 20க்குப் போனவர்கள் பெரும்பாலும் தீபாவளிக்குள் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எதில் எவ்வளவு இருக்கிறது என்று தோராயமாகச் சொல்லுங்கள்.

சமைத்த சோறு 100 கிராமில் 28 கிராம். மதியம் நிறைவாகச் சாப்பிடுபவர் தட்டில் 300 கிராம் சோறு எளிதாக இருக்கும், அதிலேயே 84 கிராம் போய்விட்டது. டாக்டர் அன்வின் தன் நோயாளிகளுக்குக் காட்டும் படத்தில் 150 கிராம் சோறு ரத்தச் சர்க்கரையை ஏற்றும் விதத்தில் பத்து டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம் என்று போட்டிருப்பார். அப்படியென்றால் நம் தட்டு இருபது டீஸ்பூன்.

இட்லி ஒன்றில் அளவைப் பொறுத்து 8 முதல் 12. வீட்டுத் தோசையில் 20க்கு மேல். ஹோட்டல் நெய் ரோஸ்ட்டைக் கணக்குப் போட்டு மனதைக் கெடுத்துக்கொள்ளவேண்டாம். சப்பாத்தி ஒன்று சுமார் 20. சுண்டல் ஆரோக்கியம்தான், ஆனால் வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 27, அதில் ஏழெட்டு நார். பால் ஒரு டம்ளரில் 10.

மறுபக்கம் பாருங்கள். முட்டையில் ஒரு கிராம்கூட இல்லை. மீன், கோழி, ஆட்டுக்கறியில் கிட்டத்தட்ட பூஜ்யம். கீரை, புடலை, சுரை, பீர்க்கு, கத்திரி, வெண்டை, முட்டைக்கோஸ், காலிபிளவர் எல்லாம் 100 கிராமுக்கு ஒற்றை இலக்கம். உருளை, மரவள்ளி, சேனை, சேம்பு இந்தப் பட்டியலில் வராது. காய் என்று கூப்பிட்டாலும் அவை சோற்றின் உறவுக்காரர்கள்.

கேள்வி: அரிசிக்குப் பதில் சிறுதானியம் சாப்பிட்டால் போதாதா? கோதுமை?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. பச்சையாக எடைபோட்டால் அரிசி 100 கிராமில் 78 கிராம் மாவுச்சத்து. வரகு, சாமை, கேழ்வரகு, கம்பு எல்லாம் 60க்கும் 67க்கும் நடுவில். நார் அதிகம், செரிப்பது கொஞ்சம் மெதுவாக, சத்தும் கூடுதல். நல்ல உணவுதான். ஆனால் "சுகருக்கு நல்லது" என்று இரண்டு தட்டு வரகரிசிச் சோறு சாப்பிட்டால் ஒரு தட்டு அரிசிச் சோற்றைவிட மோசம். கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். கோதுமைக்கும் இதே கதைதான்: மூன்று சப்பாத்தியும் இருநூறு கிராம் சோறும் ஏறக்குறைய ஒன்று. இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியும் சுகர் இறங்காதவர்கள் காரணத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

கேள்வி: நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன்?

சர்க்கரைதான்.

கேள்வி: சரி, ஒரு நாள் சாப்பாடு எப்படி இருக்கும்?

காலையில் இரண்டு முட்டை ஆம்லெட், வெங்காயம் தக்காளி தாராளமாகப் போட்டு. கூடவே ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இட்லி இல்லாமல் முடியாது என்றால் ஒரு இட்லி, நிறைய தேங்காய்ச் சட்னி, கூட ஒரு முட்டை. மதியம் தட்டைத் திருப்பிப் போடுங்கள்: கூட்டும் பொரியலும் சோறு இருந்த இடத்துக்கு வரட்டும், சோறு பொரியல் இருந்த மூலைக்குப் போகட்டும். மீன் குழம்பு, வறுத்த மீன், கீரை மசியல், ஒரு கப் தயிர். முதலில் காயையும் மீனையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றைத் தொட்டால் சர்க்கரை ஏற்றம் இன்னும் குறையும். மாலையில் தேங்காய்த் துண்டு அல்லது பத்துப் பாதாம். இரவில் காய்கறி சூப்பும் பன்னீர் அல்லது கோழியும், ஏழரைக்குள் முடிந்தால் நல்லது. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடை. மொட்டை மாடியானாலும் போதும்.

குழம்பைக் கெட்டிப்படுத்தக் கடலைமாவு, அரிசிமாவு கரைத்து ஊற்றும் பழக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் அரைத்து ஊற்றினாலே கெட்டியாகிவிடும்.

கேள்வி: நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத சைவம்.

கொஞ்சம் கடினம், முடியாததில்லை. சைவத்தில் புரதம் பெரும்பாலும் பருப்போடு வருகிறது, பருப்பு மாவுச்சத்தோடு வருகிறது. அதனால் 50 கிராம் என்று குறி வைக்காமல் 100 முதல் 130 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னீர், கெட்டித் தயிர், வேர்க்கடலை, எள், தேங்காய், சோயா, முளைகட்டிய பயறு. சாம்பாரில் பருப்பைக் குறைத்துக் காயைக் கூட்டி, சோற்றில் ஊற்றாமல் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பவர்கள் உண்டு. விசித்திரமாகத் தெரியும், ஒரு வாரத்தில் பழகிவிடும். மெட்ஃபார்மினும் நீண்டகாலம் எடுத்துச் சைவமாகவும் இருந்தால் பி12 குறைய நிறைய வாய்ப்பு. வருடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இதெல்லாம் வசதி உள்ளவர்கள் பேசுவது. ரேஷன் அரிசியில் சாப்பிடும் குடும்பம் என்ன செய்யும்?

நியாயமான கேள்வி, மழுப்ப விரும்பவில்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். முட்டையும் மீனும் இலவசமில்லை. பாதாம், ஆலிவ் எண்ணெய், வெண்ணெய்ப்பழம் என்று எழுதப்பட்ட டயட் சார்ட் நம்மில் பாதிப் பேருக்குப் பயன்படாது. அவையெல்லாம் தேவையும் இல்லை. முட்டை, மத்தி மீன், வேர்க்கடலை, முருங்கைக்கீரை, சந்தையில் அந்தந்த நாளில் மலிவான காய், வீட்டில் தோய்த்த தயிர். இவ்வளவு போதும். சோற்றைப் பாதியாகக் குறைத்து, தினம் இரண்டு முட்டையும் ஒரு கட்டுக் கீரையும் கூட்டினாலே பெரிய மாற்றம். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்பதுதான் செலவைவிடப் பெரிய தடை என்று நினைக்கிறேன். சமைப்பவரே சுகர்காரர் என்றால் மற்றவர்களுக்குப் போட்டு மீந்த சோறு அவர் தட்டுக்குத்தான் வரும். அதைக் குடும்பம்தான் மாற்றவேண்டும்.

கேள்வி: கொழுப்பைக் கூட்டினால் கொலஸ்ட்ரால் ஏறாதா? மாரடைப்பு வராதா?

விர்ட்டா ஆய்வையே எடுத்துக்கொள்வோம். ஓராண்டில் ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 24 சதவீதம் இறங்கியது, நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் 18 சதவீதம் ஏறியது. கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லும் சுமார் 10 சதவீதம் ஏறியது. முதல் இரண்டை மட்டும் சொல்லி மூன்றாவதை விழுங்குபவர்கள் நிறைய. சுகர் இருப்பவருக்கு இதய நோய் அபாயம் ஏற்கெனவே அதிகம், எல்டிஎல் ஏறுவதை அலட்சியப்படுத்த முடியாது.

எந்தக் கொழுப்பு என்பதில் கவனம் வைத்தால் இதைப் பெரும்பாலும் சமாளிக்கலாம். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட 90 சதவீதம் எல்டிஎல்லை ஏற்றும் நிறைகொழுப்பு, நெய்யில் அறுபதுக்கு மேல். நல்லெண்ணெயில் சுமார் 15, கடலை எண்ணெயில் இருபதுக்குள். தினச் சமையலுக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும், வாசத்துக்கு ஒரு ஸ்பூன் நெய், தேங்காயை எண்ணெயாக இல்லாமல் தேங்காயாகவே. மீனும் கொட்டைகளும் வாரம் முழுக்க. காபியில் வெண்ணெயைக் கரைத்துக் குடிப்பதெல்லாம் வேண்டாத வேலை.

தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுங்கள். எல்டிஎல் நன்றாக ஏறியிருந்தால் நிறைகொழுப்பைக் குறையுங்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் "பேலியோவில் இருக்கிறேன், இனி வேண்டாம்" என்று அதை நிறுத்தக்கூடாது.

கேள்வி: ஆரம்பித்த மூன்றாம் நாள் தலைவலி, சோர்வு, காலில் குரக்குவலி. விட்டுவிடலாமா?

பெரும்பாலும் உப்பும் நீரும் குறைந்ததுதான். முன்பு சொன்னபடி சிறுநீரகம் உப்பை வெளியேற்றுகிறது. உப்புப் போட்ட மோர், சூப், எலும்பு ரசம் என்று எடுத்தால் இரண்டு மூன்று நாளில் சரியாகும். இதயச் செயலிழப்பு அல்லது சிறுநீரக நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக்கூடாது. மீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுவதும் அவசியம், அந்தச் சோர்வு தாழ்சர்க்கரையாகவும் இருக்கலாம். மலச்சிக்கல் வந்தால் காய் போதவில்லை என்று அர்த்தம். வெறும் கறியும் முட்டையுமாகச் சாப்பிடுபவர்களுக்கு இது கட்டாயம் வரும்.

கேள்வி: சாப்பிட்ட பின் சுகர் நன்றாக இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் மட்டும் இறங்கவே இல்லை, ஏன்?

விடியற்காலையில் கார்டிசால் முதலிய ஹார்மோன்கள் ஏறும்போது கல்லீரல் தானாகவே குளுக்கோஸை வெளியே விடும். இன்சுலின் பேச்சைக் கேட்காத கல்லீரல் அளவில்லாமல் விடும். கடைசியாகச் சீராவது பெரும்பாலும் இந்தக் காலை எண்தான், மாதக்கணக்கு ஆகலாம். எச்பிஏ1சி இறங்கிக்கொண்டிருந்தால் காலை எண்ணைப் பார்த்துப் பதறவேண்டாம். இரவு நேரம் கடந்து சாப்பிடுவதும் தூக்கம் கெடுவதும் அதை ஏற்றும்.

கேள்வி: அப்பாவுக்குக் கிரியாட்டினின் கொஞ்சம் அதிகம். இந்த உணவு கிட்னியைக் கெடுக்குமா?

லோ கார்ப் என்றால் கறியைக் குவிப்பது இல்லை. புரதம் வழக்கமான அளவிலேயே இருக்கலாம். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இதனால் கெடும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஏற்கெனவே பாதிப்பு உள்ளவருக்குப் புரதம், பொட்டாசியம், உப்பு எல்லாமே எடைபோட்டுத்தான் கொடுக்கவேண்டும், அதைச் சிறுநீரக டாக்டரும் டயட்டீஷியனும்தான் செய்யமுடியும். வீட்டிலேயே முயலவேண்டாம்.

கேள்வி: யார் இதைத் தொடவே கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் கீட்டோ அளவுக்குப் போகக்கூடாது. முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் தனியாக முயலக்கூடாது. கணைய அழற்சி வந்தவர்கள், உணவுக் கோளாறு இருந்தவர்கள், பசியே இல்லாத தளர்ந்த முதியவர்கள் விலகியிருப்பது நல்லது. கண்ணில் விழித்திரைப் பாதிப்பு இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை: நீண்டகாலம் உயரத்தில் இருந்த சர்க்கரை திடீரென இறங்கினால் அந்தப் பாதிப்பு தற்காலிகமாக மோசமாகலாம். கண் டாக்டரைப் பார்த்துவிட்டு, மெதுவாக இறக்குங்கள்.

மெலிந்த உடம்போடு சுகர் வந்தவர்களும் யோசிக்கவேண்டும். தொப்பை இல்லை, எடை தானாக இறங்குகிறது, மாத்திரை எதுவும் கேட்கவில்லை என்றால் அது இன்சுலினே சுரக்காத வகையாக இருக்கலாம். அவர்களுக்குத் தேவை இன்சுலின், டயட் இல்லை. சி பெப்டைடு என்ற டெஸ்ட் இதைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: பழம் சாப்பிடலாமா?

கொய்யா பாதி, நெல்லிக்காய், பப்பாளி இரண்டு துண்டு சரி. வாழைப்பழம் ஒன்றில் அளவைப் பொறுத்து 15 முதல் 27 கிராம். மாம்பழ சீசனில் சோறே சாப்பிடாமல் அந்தக் கணக்கை ஒரு துண்டு மல்கோவாவுக்குக் கொடுப்பவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஜூஸ் வேண்டாம், சர்க்கரை போடாவிட்டாலும்.

கேள்வி: பீர், விஸ்கி?

பீரில் மாவுச்சத்து உண்டு. விஸ்கியில் இல்லை, ஆனால் குடித்த பிறகு கல்லீரல் குளுக்கோஸ் தருவதைக் குறைத்துக்கொள்ளும். சுகர் மாத்திரையும் போட்டு, சோறும் சாப்பிடாமல் குடித்தால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும்.

கேள்வி: சுகர் முழுசாகக் குணமாகிவிடுமா?

மாத்திரை எதுவும் இல்லாமல் குறைந்தது மூன்று மாதம் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தால் அதை நோய் அடங்கிய நிலை என்று 2021இல் சர்வதேச நிபுணர் குழு வரையறுத்தது. குணம் என்று அவர்கள் சொல்லவில்லை, அதற்குக் காரணம் உண்டு: எடை திரும்பினால் சுகரும் திரும்பும். பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வில், லோ கார்ப் இல்லாமல் கலோரியை மிகவும் குறைத்த அந்த முறையில், ஓராண்டில் 46 சதவீதம் பேருக்கு அடங்கியது. இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதம். சுகர் வந்து ஆறு ஆண்டுக்குள் இருப்பவர்களையே அதில் சேர்த்தார்கள். பதினைந்து இருபது வருடமாகச் சுகர் உள்ளவர், இன்சுலின் போடுபவர், இந்த நிலையை எட்டுவது அரிது. அவருக்கு ஊசியின் அளவு குறைவதே நல்ல லாபம்.

கேள்வி: எங்கள் டாக்டர் "சோற்றைக் குறை, ஆனால் கொழுப்பு வேண்டாம்" என்கிறார். என்ன செய்வது?

அவர் சொல்வதில் முதல் பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம். அமெரிக்க நீரிழிவுச் சங்கமே 2019 அறிக்கையில் சர்க்கரையைக் குறைக்க மொத்த மாவுச்சத்தைக் குறைப்பதற்குத்தான் அதிக ஆதாரம் இருக்கிறது என்று சொன்னது. அதனால் பேச இடம் உண்டு. "பேலியோ இருக்கப் போகிறேன்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பதில் ஒரு வாரம் என்ன சாப்பிட்டீர்கள், வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் மீட்டர் என்ன காட்டியது என்று எழுதிக்கொண்டு போங்கள். "சோறு குறைத்ததும் எண் இறங்குகிறது, மாத்திரை அளவை எப்படி மாற்றலாம்?" என்று கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் எண்ணைப் பார்த்தால் பேசுவார்கள்.

கேள்வி: எச்பிஏ1சி 6க்கு வந்துவிட்டது, மாத்திரையும் நின்றுவிட்டது. இனி சோறு சாப்பிடலாமா?

கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கலாம், மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு. சமைத்த சோற்றை ஒருமுறையாவது தராசில் எடைபோடுங்கள், கண் அளவு எப்போதும் ஏமாற்றும். 100 கிராம் சோறு, வழக்கமான காயும் மீனும். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை பாருங்கள். 140ஐத் தாண்டவில்லை என்றால் அந்த அளவு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது. 180 என்றால் 50 கிராமில் திரும்பப் பாருங்கள். ஆறிய பழைய சோறு சிலருக்குக் கொஞ்சம் குறைவாக ஏற்றும், அதையும் இப்படியே சோதித்துத்தான் நம்பவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி, வாரம் ஒருமுறை எடை. எடை மூன்று கிலோ ஏறிவிட்டால் சோறு மறுபடி தட்டின் மூலைக்குப் போகவேண்டியதுதான்.